சாப்பாட்டு மணியும் 1,100 ஏரியும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், செங்கல்பட்டுப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், முன்னால தரையில உட்கார்ந்து இடம் பிடிச்சிருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

பிரிட்டிஷ் பார்லிமெண்ட்ல இருந்த எட்மண்ட் பர்க்கின் அரசியல் வாழ்வில் ஓங்கி நிற்பது வெற்றியா, தோல்வியா? தோல்விதான்னு பேசிட்டுப் போன எதிரணித் தலைவர் ஒரு பட்டியல் வாசிச்சாரு. 1729-ல டப்ளின்ல பிறந்த வக்கீல் வீட்டுப் பிள்ளை. சட்டம் படிக்க லண்டனுக்கு வந்து, அதை விட்டுட்டு எழுத்துப் பக்கம் போனவரு. 1765-ல பிரதமரான ராக்கிங்காம் பிரபுவுக்குச் செயலாளராகி, அந்த வாசல் வழியாப் பார்லிமெண்ட்டுக்குள்ள நுழைஞ்சவரு. 1775-ல அமெரிக்கர்களோட சமாதானமாப் போங்கன்னு மன்றாடினாரு, எவனும் கேக்கல, அமெரிக்கா கையை விட்டுப் போச்சு. பிரிஸ்டல்ல 1774-ல ஜெயிச்சாரு, 1780-ல போட்டியில இருந்து விலகினாரு. 1788-ல வாரன் ஹேஸ்டிங்ஸைக் கூண்டுல ஏத்தினாரு, ஏழு வருஷம் கழிச்சு ஹேஸ்டிங்ஸ் விடுதலையாகி வீட்டுக்குப் போயிட்டாரு. கேபினட்டுல ஒரு நாள்கூட உட்காரல. அண்ணன் சொன்னதுல ஒரு வரிகூடப் பொய் இல்ல. நான் மறுக்கவும் போறதில்ல.

ஆனா கடைசியில ஒண்ணு சொன்னாரு பாருங்க. "பர்க் பேச எந்திரிச்சா சபையே எந்திரிச்சிரும். அவருக்கு வெச்ச பட்டப்பேரே சாப்பாட்டு மணி. அவரு வாயைத் திறந்தா மெம்பர்களுக்குப் பசி வந்துரும். இப்படிப்பட்டவருக்கு எப்படிய்யா வெற்றின்னு தீர்ப்பு சொல்லுவீங்க?" அவ்வளவுதான், பந்தலே குலுங்கிருச்சு. நானும் பார்த்தேன், நடுவர் ஐயாவும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு.

சிரிங்க, தப்பில்ல. ஆனா அந்த மணிக்குப் பதில் சொல்லாம நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போறதில்ல.

அண்ணன் சாட்சிக்கு ஆலிவர் கோல்ட்ஸ்மித்தைக் கூப்பிட்டாரு. பர்க்கோட நெருங்கின சிநேகிதர்தான். "இவரு கேக்கிறவங்களை இணங்க வைக்க நினைச்சாரு, அவங்க சாப்பாட்டை நினைச்சாங்க"ன்னு கவிதையில வெச்சாரு. வாஸ்தவம். அண்ணே, அந்தக் கவிதை எந்த வருஷம் வந்தது? 1774. கோல்ட்ஸ்மித் காலமானதும் அதே 1774-லதான். நம்ம ஊரைப் பத்தி பர்க் பேசின பேச்சு 1785-ல. 11 வருஷத்துக்கு முன்னால கண்ணை மூடிட்ட மனுஷனைச் சாட்சிக் கூண்டுல நிறுத்தி, நேத்து நடந்ததுக்குக் கையெழுத்து வாங்கறீங்களே, இது எந்தக் கோர்ட்டுல செல்லும்?

சரி, அவரு பேச்சைக் கேட்டவங்க என்ன ஆனாங்கன்னு நான் சொல்றேன். 1788 பிப்ரவரி. லண்டன்ல வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். வங்காளத்தைக் கட்டி ஆண்ட கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் குற்றவாளிக் கூண்டுல நிக்கிறாரு. பிரபுக்கள் அங்கி போட்டு வரிசையா உட்கார்ந்திருக்காங்க. பர்க் எந்திரிக்கிறாரு. ஒரு நாள் இல்ல, நாலு நாள் பேசறாரு. இந்தியாவுல குடியானவங்க பட்ட சித்திரவதையைச் சொல்லிக்கிட்டே வர்றப்ப, கேட்டுக்கிட்டிருந்த பெண்கள் மயங்கி விழுந்தாங்க. நாடக ஆசிரியர் ஷெரிடனோட மனைவியை வெளியில தூக்கிக்கிட்டுப் போக வேண்டியதாப் போச்சு. சாப்பிடப் போகலைங்க, தூக்கிக்கிட்டுப் போனாங்க!

அதை விடுங்க. எதிரியே என்ன சொன்னாரு தெரியுமா? கூண்டுல நின்ன ஹேஸ்டிங்ஸே சொன்னாரு: "அரை மணி நேரம் அந்தப் பேச்சாளரையே பிரமிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். இந்தப் பூமியிலேயே பெரிய குற்றவாளி நான்தான்னு அப்ப நினைச்சேன்." அப்புறம் சொந்த நெஞ்சைத் தொட்டுப் பார்த்து ஆறுதல் பண்ணிக்கிட்டாராம், அது அவரு பாடு. ஆனா அந்த அரை மணி நேரம்? குற்றம் சாட்டப்பட்டவனையே அரை மணி நேரம் தன் மேல தீர்ப்பு எழுத வெச்சவருக்கா நீங்க சாப்பாட்டு மணின்னு பேரு சொல்றீங்க?

ஐயா, உங்க கை மணிப் பக்கம் போகுது. கொஞ்சம் பொறுங்க. நான் இன்னும் ஏரிக்கு வரல.

1785 பிப்ரவரி 28. இந்தத் தேதியைப் பிள்ளைங்க மனசுல வெச்சுக்கங்க. அன்னைக்கு பர்க் பேசின விஷயம் ஆற்காடு நவாப்போட கடன். அது என்ன கடன்? மெட்ராஸ்ல இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தன் எல்லாம் நவாப் முகமது அலிக்கு வட்டிக்குக் கொடுத்தேன்னு சீட்டைக் காட்டறான். வட்டி குட்டி போட்டு, குட்டி இன்னொரு குட்டி போட்டு, எது அசல் எது பொய்யின்னே தெரியாத அளவுக்கு ஏறிப் போச்சு. கல்யாணத்துக்கே வராதவன் மொய் நோட்டுல தானே பேரை எழுதிக்கிட்டு, அடுத்த மாசம் வாசல்ல வந்து "நான் வெச்ச மொய்யைத் திருப்பி வை"ன்னு நின்னா எப்படி இருக்கும்? அந்தக் கதைதான். அதுல பெரிய கை பால் பென்ஃபீல்டு. மெட்ராஸ்ல கம்பெனியில கீழ்மட்டத்து வேலை. ஆனா தஞ்சாவூர் விளைச்சல் மேலயும் நவாப் மேலயும் தனக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல பாக்கி வரணும்னு 1776-ல கேட்டாரு! அப்புறம் லண்டனுக்குப் போயி, பார்லிமெண்ட்ல இடமும் பிடிச்சாரு. தன்னையும் சேர்த்து எட்டு மெம்பரை உண்டாக்கினவருன்னு பர்க் சபையிலேயே போட்டு உடைச்சாரு.

இந்தக் கடனை விசாரிக்கணும்னு சட்டம் சொல்லுது. விசாரிக்காமலேயே கொடுத்துருங்கன்னு பிரதமர் பிட் சர்க்கார் உத்தரவு போடுது. வருஷத்துக்கு 12 லட்சம் வராகன். எங்கே இருந்து எடுத்துக் கொடுக்கறது? நம்ம கர்நாட்டிக் சீமை வருமானத்துல இருந்து. அப்ப கர்நாட்டிக்னு சொன்னது இப்ப இருக்கிற கர்நாடக மாநிலம் இல்ல, ஆற்காட்டான் ஆண்ட நம்ம தமிழ்ச் சீமை.

அந்தச் சீமை அப்ப எப்படிக் கிடந்தது? 1780-ல ஹைதர் அலி மலை இறங்கி வந்து அஞ்சு வருஷம்கூட ஆகல. மெட்ராஸ் வாசல்ல இருந்து தஞ்சாவூர் வாசல் வரைக்கும் 18 மாசம் ஓயாம நெருப்பு. பர்க் சொல்றாரு: இங்கிலீஷ் பட்டாளம் நூத்துக்கணக்கான மைல் நடந்து போச்சு, போன வழி நெடுக ஓர் ஆண் இல்லை, ஒரு பெண் இல்லை, ஒரு குழந்தை இல்லை, நாலு கால் பிராணி ஒன்றுகூட இல்லை, அந்தப் பிரதேசம் முழுக்க ஒரே சவ மௌனம். மந்திரிமார் என்ன சொன்னாங்க? "அது நல்ல பூமி, சீக்கிரம் தேறிக்கும், கடனைக் கட்டிரும்." அப்பத்தான் பர்க் ஒரு வரைபடத்தைக் காட்டிப் பேசறாரு.

இப்ப எல்லாரும் நிமிர்ந்து உட்காருங்க. அந்த வரைபடம் எதோடது? உங்களோடது! நவாப் 1763-ல கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர், அதாவது மெட்ராஸைச் சுத்தியிருக்கிற செங்கல்பட்டுச் சீமை. பர்னார்ட்னு ஒரு பொறியாளர் வருஷக்கணக்கா அலைஞ்சு அளந்து வரைஞ்ச படம். அதை வெச்சுக்கிட்டு பர்க் சொல்றாரு: இந்த ஒரு படத்துக்குள்ள இருக்கிற ஏரிகளை நான் சிரமப்பட்டு எண்ணிப் பார்த்தேன், 1,100-க்கு மேல் வருகிறது, இரண்டு மூன்று ஏக்கரில் இருந்து ஐந்து மைல் சுற்றளவு வரை.

எண்ணிப் பார்த்தேன்னு சொன்னாருங்க! குமாஸ்தாவை விட்டு எண்ணச் சொன்னேன்னு சொல்லல. கம்பெனிக் கணக்குல இப்படிப் போட்டிருக்குன்னு சொல்லல. நானே எண்ணினேன்னாரு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அயர்லாந்துக்காரன். இந்தியாவுக்கு ஒரு தடவை வந்ததில்ல. மதுராந்தகம் கரையில கால் வெச்சதில்ல. செம்பரம்பாக்கத்துத் தண்ணியில கை நனைச்சதில்ல. உத்திரமேரூர் எந்தத் திசையில இருக்குன்னு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, அந்தக் காகிதத்து மேல குனிஞ்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு... இது குளமா ஏரியான்னு உத்துப் பார்த்து... நூறு, இருநூறு... விட்டுப் போயிருச்சோன்னு சந்தேகம் வந்தா மறுபடி முதல்ல இருந்து... 1,100!

மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பிளேஸ் துரை ராத்திரி மழையில ஏரிக்கரைக்குப் போனாரு, உடையப் போற கரையை அண்ணனும் தம்பியுமா வில்லோட நின்னு காக்கறதைப் பார்த்தாருன்னு நம்ம ஊர்ல சொல்றோம். அவரு கலெக்டர். அந்தக் கரை அவரு பொறுப்பு. கரை உடைஞ்சா அவருதான் பதில் சொல்லணும். பர்க்குக்கு என்னங்க பொறுப்பு? இந்த ஊர்ல அவருக்கு ஓட்டு இருக்கா? நிலம் இருக்கா? கடல் தாண்டி உட்கார்ந்துக்கிட்டு, கண்ணால பாக்காத ஒவ்வொரு ஏரியையும் விரல் வெச்சு எண்ணினாரே! நம்ம ஜில்லாவுல எத்தனை ஏரின்னு இந்தப் பந்தல்ல இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் எண்ணியிருக்கோம்? நான் எண்ணினதில்ல. எதிரணித் தலைவர் எண்ணியிருந்தா கை தூக்கட்டும்.

எண்ணறதோட விட்டாரா? இந்த ஏரி எப்படி வேலை செய்யுதுன்னு சபைக்குப் பாடம் நடத்தினாரு. மண்ணும் கல்லும் போட்ட கரை, கற்கட்டு மதகு, அபாரமான திறமையோட கட்டினது, பெருஞ்செலவில் பராமரிக்கிறதுன்னு சொன்னாரு. அங்கே வற்றாத ஆறு ஓடைன்னு பெருசா இல்லை, மழை ஒரு பருவத்துலதான், நெல்லுக்கோ எந்நேரமும் தண்ணி வேணும். ஆகவே இந்த ஏரிதான் அந்த நாட்டின் தேசிய வங்கி, இதில் எப்போதும் இருப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீளமுடியாமல் அழிந்துபோகும்னாரு. ஆற்காட்டுச் சீமையிலும் தஞ்சாவூரிலுமாப் பெருசும் நடுத்தரமுமா 10,000-க்குக் குறையாதுன்னு கணக்குச் சொல்லிட்டு, வீட்டு உபயோகத்துக்கும் தீர்த்தமாடவும் இருக்கிற குளத்தை எல்லாம் இதுல சேர்க்கலைன்னாரு. கோயில் குளத்தைக்கூட மறக்கலைங்க அந்த மனுஷன்!

கரையை யார் கட்டுறது, மதகை யார் பூசறது, அதுக்குப் பணம் வேணுமே, அந்தப் பணத்தை எடுத்து பென்ஃபீல்டு கையில கொடுக்கறீங்களே, இதுதான் அவரோட வாதம். மக்கள் அரசாங்கத்தைத் தாங்க வேண்டுமானால், முதலில் அரசாங்கம் மக்களைத் தாங்க வேண்டும்னு அந்தச் சபையில நின்னு சொன்னாரு. வெள்ளைக்காரன் சபையில, வெள்ளைக்காரன் கொள்ளைக்கு எதிரா, நம்ம குடியானவனுக்காக!

என்ன நடந்தது? இளம் பிரதமர் பிட், வயசு 25. பக்கத்துல அவரோட சகா கிரென்வில். இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லணுமான்னு ரெண்டு பேரும் கலந்து பேசிக்கிட்டு, வேண்டாம், தேவையில்லைன்னு முடிவு பண்ணினாங்கன்னு சொல்லுவாங்க. பதிலே சொல்லல. ஓட்டுல தீர்மானம் படுதோல்வி. பின்னால அதே பேச்சு அச்சுல வந்தப்ப வாசிச்ச கிரென்வில், இதையா பதில் சொல்லாம விட்டோம்னு வியந்து போனாராம். அண்ணே, எந்திரிச்சுப் போனவனுக்கு மட்டும்தான் காது இல்லைன்னு நினைக்கறீங்களா? உட்கார்ந்திருந்தவனுக்கும் அன்னைக்குக் காது இல்லை. அதுக்குப் பேச்சாளன் மேல பழி போடாதீங்க.

எதிரணிச் சகோதரி இன்னொரு குத்தலும் வெச்சாங்க. பர்க்கோட உறவுக்காரர் வில்லியம் பர்க் தஞ்சாவூர் ராஜாவுக்கு லண்டன்ல ஏஜெண்டா இருந்தாரு, அந்தச் சொந்தப் பாசத்துலதான் இவ்வளவு உருக்கம்னாங்க. இருந்தாரு, இல்லேன்னு சொல்லல. ஆனா அம்மா, தஞ்சாவூர் ராஜாவுக்கும் செங்கல்பட்டு ஏரிக்கும் என்னம்மா சம்பந்தம்? இது கம்பெனி ஜாகீர். இங்கே ஒரு மதகு சரியானா ராஜாவுக்கு ஒரு படி நெல்லு கூட வராது. ஏஜெண்டுக்கும் கமிஷன் வராது. கமிஷனுக்குப் பேசறவன் 1,100 ஏரியை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.

பிரிஸ்டலைப் பத்தி ஒரே வார்த்தை. ஏன் போச்சு அந்தத் தொகுதி? அயர்லாந்து வியாபாரத்துக்குக் கட்டின கட்டை அவிழ்த்து விடுங்கன்னாரு, கத்தோலிக்கர் மேல இருந்த கொடுமையான சட்டத்தைத் தளர்த்தணும்னாரு. தொகுதி வியாபாரிங்களுக்குப் பிடிக்கல. உங்களுக்காக உழைக்கிறது மட்டும் இல்ல, என் அறிவுக்குப் பட்டதைச் சொல்றதும் நான் உங்களுக்குப் பட்ட கடன்னு ஜெயிச்ச அன்னைக்கே அவங்க முகத்துக்கு நேரா சொன்னவரு. சொன்னபடி நடந்துக்கிட்டாரு. சீட்டுப் போச்சு. இதுக்கு மேல அதைப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல.

நடுவர் ஐயா, இனிமே நான் வாதம் பண்ணப் போறதில்ல. ஒரு தகப்பனைப் பத்திச் சொல்லணும்.

1794 ஜூன். ஹேஸ்டிங்ஸ் வழக்குல கடைசிப் பேச்சு. ஒன்பது நாள் பேசி முடிச்சாரு. பார்லிமெண்ட்டை விட்டு விலகினாரு. அவரு விட்ட மால்ட்டன் தொகுதிக்கு மகன் ரிச்சர்டு தேர்ந்தெடுக்கப்பட்டாரு. உயிரோட இருந்த ஒரே பிள்ளை. அப்பன் இடத்துல மகன் உட்காரப் போறான். எந்தத் தகப்பனுக்கு இதை விடச் சந்தோஷம் வேணும்? ஆகஸ்ட் 2-ஆம் தேதி ரிச்சர்டு செத்துப் போனாரு. வயசு 36.

பீக்கன்ஸ்ஃபீல்டு வீட்டுல, வயல்ல நடந்துக்கிட்டிருந்த கிழவர்கிட்ட, மகன் ஆசையா வளர்த்த வயசான குதிரை ஒண்ணு தானா வந்து, அவரு நெஞ்சுல தலையைச் சாய்ச்சுதாம். அதோட கழுத்தைக் கட்டிக்கிட்டு அவரு அழுதாருன்னு வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. பர்க்குக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு லண்டன்ல புரளி கிளப்பினாங்க. பிள்ளையைப் பறிகொடுத்தவன் குதிரையைக் கட்டிக்கிட்டு அழுதா அதுக்குப் பேரு பைத்தியமா, ஐயா? இங்கே இருக்கிற தாய்மார்கள் சொல்லட்டும்.

மகன் போயி எட்டு மாசம் முடிஞ்சு, 1795 ஏப்ரல்ல ஹேஸ்டிங்ஸ் விடுதலை. அதுவும் போச்சு. சர்க்கார் ஒரு பென்ஷன் கொடுத்தது. அதையும் பெட்ஃபோர்டு கோமகன் பிரபுக்கள் சபையில குத்திக் காட்டினாரு. அதுக்குப் பதிலா 1796-ல பர்க் ஒரு கடிதம் எழுதினாரு. அதுல சொல்றாரு: "நான் தலைகீழான உலகத்தில் வாழ்கிறேன். எனக்குப் பின்னால் வர வேண்டியவர்கள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். எனக்குச் சந்ததியாக இருக்க வேண்டியவர்கள் முன்னோர்கள் இடத்தில் இருக்கிறார்கள்."

இந்த வரியை வாசிச்சப்ப எனக்கு 1785-தான் ஞாபகம் வந்தது. நம்ம ஏரி வெட்டின ராஜாக்களைப் பத்தி இவரு அன்னைக்கு என்ன சொன்னாரு? "இவை உண்மையான அரசர்களின் நினைவுச் சின்னங்கள். அவர்கள் தம் மக்களுக்குத் தந்தையர். பின்னால் வரும் சந்ததியைத் தம் சொந்தப் பிள்ளைகளாகத் தழுவி உயில் எழுதி வைத்தவர்கள். மனித ஆயுள் என்ற குறுகிய கெடுவுக்குள் நல்லது செய்தால் போதாது என்று, தலைமுறை தலைமுறையாகக் காத்து ஊட்டி வளர்க்கத் துடித்தவர்கள்." நம்ம முப்பாட்டன் யாருன்னு அவருக்குத் தெரியாது. பேரு தெரியாது, மொழி தெரியாது. அவங்க வெட்டின ஏரியைப் படத்துல பார்த்தே அவங்க மனசைப் படிச்சாரு. ஊரான் வீட்டுச் சந்ததிக்காக அப்படி உருகின மனுஷனுக்குச் சொந்தச் சந்ததி நிக்கலையே, ஐயா!

அதே கடிதத்துல இன்னொண்ணும் எழுதினாரு. அமெரிக்காவைப் பத்தி இல்ல, உலகமே கொண்டாடின பிரெஞ்சுப் புரட்சிப் புத்தகத்தைப் பத்தியும் இல்ல. எனக்கு ஒரு வெகுமதி கேட்க வேண்டுமானால் எதற்குக் கேட்பேன் தெரியுமான்னு கேட்டுட்டு, அவரே பதில் சொல்றாரு: "பதினான்கு வருஷம் இடைவிடாமல் நான் அதிகம் உழைத்ததும், மிகக் குறைவாக வெற்றி கண்டதும் இந்திய விவகாரத்தில்தான். நான் என்னைப் பெரிதாக மதிப்பது அதற்காகத்தான்."

எதிரணித் தலைவர் தோல்வின்னு வாசிச்ச பட்டியலை மனுஷன் தன் கையாலேயே எழுதி, அதுக்கு மேல தன் வெற்றின்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. 1797 ஜூலையில அவரு கண்ணை மூடினப்ப நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு விளக்கு ஏத்தல, ஒரு வார்த்தை நன்றி சொல்லல. இந்தச் செங்கல்பட்டு மண்ணுல நின்னு அதை இன்னைக்கு நான் சொல்றேன். ஐயா, தீர்ப்பு எழுதறப்ப அவரு எண்ணின ஏரிப் பாசனத்துல விளைஞ்ச சோத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவங்க முன்னால எழுதறோம்னு நினைச்சு எழுதுங்க. எங்க அணிக்கு எழுதுங்க. வணக்கம்.